ஏகாதசிப் பட்டினியும் துவாதசிச் சாப்பாடும்: ஹடப்சர் சாலை வழியாக ஒரு வரலாறு

மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டது "உணவும் ஆன்மிக வளர்ச்சியும்" என்ற தலைப்பில் ஒரு கட்டுரை. சாத்விக உணவு எது, தாமச உணவு எது என்று பட்டியல் போட்டுத் தருவேன் என்று நினைத்திருப்பார்கள். அதற்கெல்லாம் புத்தகங்கள் ஏராளம். அவற்றைப் படித்துவிட்டு வெங்காயத்தை நிறுத்தியவர்களும் நம்மில் உண்டு, இரண்டே வாரத்தில் மறுபடி ஆரம்பித்தவர்களும் உண்டு. நான் சரித்திரம் படித்தவன். ஆகவே நாம் தினமும் போய்வருகிற ஒரு சாலையின் கதையாகவே இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஹடப்சர் சரித்திரப் புத்தகங்களில் ஒரே ஒருமுறை தலைகாட்டும். 1802 அக்டோபர் 25, தீபாவளி நாள். யஷ்வந்த்ராவ் ஹோல்கர் இந்தப் பக்கத்தில்தான் பேஷ்வா, சிந்தியா இருவரின் கூட்டுப் படையை முறியடித்தார். பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் ஊரை விட்டு ஓடினார். அந்த வருடக் கடைசி நாளில் வசாயில் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை எழுதிக் கொடுத்தார். மராட்டிய அரசுக்கு அதுவே முடிவின் ஆரம்பம். இன்றைக்கு அந்த இடத்தில் மகர்பட்டா, அமனோரா என்று அடுக்குமாடிகள். நம் சங்கத்துக் குடும்பங்களில் பாதி அங்கேதான் இருக்கிறது.

ஆனால் இந்தச் சாலைக்குப் போரைவிட நீண்ட கதை ஒன்று இருக்கிறது. வருடா வருடம், ஏறக்குறைய நம் ஆனி மாதத்தில், ஹடப்சர் காடிதளத்தில் இரண்டு பல்லக்குகள் பிரிகின்றன. ஆளந்தியிலிருந்து வரும் ஞானேஸ்வரர் பல்லக்கு வலப்பக்கம் திரும்பி, திவே காட் மலைப்பாதை ஏறி சாஸ்வட் போகும். தேஹுவிலிருந்து வரும் துக்காராம் பல்லக்கு நேராக சோலாப்பூர் ரோட்டிலேயே லோணி காள்போர், உருளி காஞ்சன், யவத் என்று போகும். ஏறக்குறைய 20 நாள் நடந்து, ஆஷாட ஏகாதசிக்கு இரண்டும் பண்டர்பூர் சேரும். பாதுகைகளைப் பல்லக்கில் வைத்துக் கொண்டுபோகும் இந்த வழக்கத்தை 1685இல் துக்காராமின் கடைசி மகன் நாராயண மகராஜ் ஆரம்பித்தார். ஞானேஸ்வரர் பல்லக்கைத் தனியாகப் பிரித்து இன்றுள்ள ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் 19ஆம் நூற்றாண்டின் ஹைபத்பாபா ஆர்பள்கர்.

அன்று பஸ் ஓடாது, ஆபீசுக்கு லேட், பிள்ளைகளுக்குப் பள்ளி லீவு. நம்மில் பலருக்குப் பல்லக்கு என்றால் அவ்வளவுதான். திதியைக் கவனித்தால் வேறொன்று தெரியும். ஆளந்திப் பல்லக்கு தேய்பிறை அஷ்டமியில் புறப்படும். நவமியும் தசமியும் புனேயில் தங்கும். ஏகாதசி விடியற்காலை புறப்பட்டு ஹடப்சர் வரும். திதி ஒருநாள் முன்பின் ஆகிற வருடங்களைத் தள்ளிவிட்டால், ஹடப்சர் வழியாக நடக்கும் அந்த லட்சக்கணக்கான பேர் அன்று விரதத்தில் இருக்கிறார்கள். அன்னத்தைத் தொடாமல் 30 கிலோமீட்டர் நடை, அதில் ஒரு மலை ஏற்றம் வேறு!

"வாரி" என்றால் தவறாமல் போய்வருவது. போய்வருகிறவர் வார்க்கரி. துளசிமணி மாலை போட்டுக்கொண்டவரை மாள்கரி என்பார்கள். மாலை போட்டால் கறி மீன் கிடையாது, குடி கிடையாது, மாதம் இரண்டு ஏகாதசி விரதம் தவறக்கூடாது. நம்மூரில் சபரிமலைக்கு மாலை போட்டவர் 41 நாள் இருப்பதை இவர்கள் ஆயுசு முழுக்க இருக்கிறார்கள். இதில் பெரும்பாலோர் பரம்பரை சைவ உணவுக்காரர்கள் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். மராட்டா, குன்பி, மாளி, தங்கர் என்று விவசாயக் குடிகள், ஆடு மேய்ப்பவர்கள். ஒரே வீட்டில் அப்பா மாள்கரி, பிள்ளை ஞாயிற்றுக்கிழமை மட்டன் கடை வரிசையில் நிற்பான். அப்பாவுக்குத் தனிப் பாத்திரம் இருக்கும், சண்டை இருக்காது.

சாப்பாட்டுக்கும் மனசுக்கும் முடிச்சுப் போட்டது யார்? சாந்தோக்ய உபநிஷத்தின் ஏழாவது பகுதியில், நாரதருக்கு சனத்குமாரர் செய்யும் உபதேசத்தின் முடிவில், ஆகாரம் தூய்மையானால் உள்ளம் தூய்மையாகும் என்ற கருத்து வருகிறது. "ஆகாரம்" என்ற அந்த ஒரு சொல்லுக்கு நம் தென்னாட்டு ஆசாரியர்கள் இரண்டு விதமாக அர்த்தம் எடுத்தார்கள். புலன்களால் உள்ளே எடுத்துக்கொள்வதெல்லாம் ஆகாரம் என்றார் சங்கரர்: கண் பார்ப்பது, காது கேட்பது, எல்லாமே. வாயால் உண்கிற சோறுதான் ஆகாரம் என்பது ராமானுஜர் வழி. சோற்றுக்கு மூன்று குற்றம் வரலாம். பண்டத்தின் இயல்பால் வருவது ஜாதி தோஷம். (இந்த "ஜாதி" பண்டத்தின் வகையைக் குறிப்பது, மனிதச் சாதியை அல்ல.) யாரிடமிருந்து வருகிறது என்பதால் நேர்வது ஆசிரய தோஷம். மயிர், தூசி விழுவது போன்றவை நிமித்த தோஷம். முதலாவதும் மூன்றாவதும் எந்த அம்மாவும் சொல்வதுதான். இரண்டாவதில்தான் ஆபத்து இருந்தது. கெட்ட வழியில் வந்த சோறு வேண்டாம் என்பது நல்ல விதி. அதுவே நாளடைவில் "இன்ன சாதியான் தொட்ட சோறு வேண்டாம்" என்று ஆகிவிட்டது.

ராமானுஜரே அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்குக் குருபரம்பரைக் கதையே சாட்சி. பிராமணரல்லாத திருக்கச்சி நம்பிகளைத் தன் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்து, அவர் உண்ட மிச்சத்தைத் தான் உண்ண வேண்டும் என்று ஆசைப்பட்டார். அவர் வெளியே போயிருந்த நேரத்தில் நம்பிகள் வந்து சாப்பிட்டுப் போய்விட்டார். ராமானுஜர் திரும்பி வந்தபோது மனைவி தஞ்சமாம்பாள் இடத்தைக் கழுவி மெழுகி, மிச்சத்தை வெளியே கொடுத்துவிட்டு, தலைமுழுகிப் புதுச்சமையல் பண்ணிக்கொண்டிருந்தாராம். அந்தக் குடும்ப வாழ்க்கை பிற்பாடு முறிந்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். அந்த அம்மாளை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை; ஊர் முழுக்க அப்படித்தான் இருந்தது.

கீதை பதினேழாவது அத்தியாயத்தில் சாத்விக, ராஜச, தாமச உணவு வருகிறது. அந்த மூன்று சுலோகத்தையும் பலர் படிக்காமலே மேற்கோள் காட்டுகிறார்கள். ரசமுள்ளது, நெய்ப்பசை உள்ளது, உடம்பில் நிலைப்பது சாத்விகம். அதிகக் கசப்பு, புளிப்பு, உப்பு, காரம், சூடு ராஜசம். ஆறிப்போனது, ஊசிப்போனது, எச்சில் தாமசம். இறைச்சி என்ற சொல்லே அங்கு இல்லை. வெங்காயம், பூண்டும் கிடையாது. அதெல்லாம் பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. ஆறாவது அத்தியாயத்திலோ, மிதமிஞ்சித் தின்பவனுக்கும் யோகம் இல்லை, ஒன்றுமே தின்னாதவனுக்கும் இல்லை என்று தெளிவாக இருக்கிறது. இந்தக் கீதையை சமஸ்கிருதம் தெரியாத உழவனுக்கும் புரியும்படி 1290இல் நெவாசாவில் மராட்டியில் விரித்துச் சொன்னவர்தான் ஞானேஸ்வரர். ஹடப்சரில் வலப்பக்கம் திரும்பும் பல்லக்கு அவருடையது.

அவர் குடும்பம் சோற்றால் பட்ட பாடு கொஞ்சமல்ல. தகப்பனார் சந்நியாசம் வாங்கிக்கொண்டு மறுபடி இல்லறத்துக்குத் திரும்பியவர் என்பதால் ஆளந்தி பிராமணர்கள் குடும்பத்தையே தள்ளி வைத்தார்கள். பெற்றோர் போனபின் நான்கு குழந்தைகளும் பிச்சை எடுத்துச் சாப்பிட்டன. தங்கை முக்தாபாய்க்கு ஒருநாள் மாண்டே சுட ஆசை வந்தது. மாண்டே என்பது நம் போளி மாதிரி, கவிழ்த்த மண்சட்டியின் முதுகில் போட்டுச் சுடுவது. விசோபா என்ற பெரிய மனிதர், சட்டி கொடுக்கக்கூடாது என்று குயவரைத் தடுத்துவிட்டார். குழந்தை அழுதுகொண்டு வந்தது. ஞானேஸ்வரர் யோகாக்கினியால் தன் முதுகைச் சூடாக்கிக் குனிந்து நின்றார், தங்கை அதிலே மாண்டே சுட்டாள் என்பது கதை. ஒளிந்திருந்து பார்த்த விசோபா ஓடிவந்து அந்த எச்சிலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாராம். பிற்காலத்தில் நாமதேவருக்கு குருவானவர் அவரே.

அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். அக்கினியை எழுப்பும் அளவுக்கு யோகம் முற்றியவர் அதை எதற்குச் செலவழித்தார் என்று கதை கட்டியவர்கள் நினைத்தார்கள் பாருங்கள், எனக்கு அதுதான் ஆச்சரியம். ஒரு சின்னப் பெண்ணின் பலகாரத்துக்கு!

பைட்டணத்து ஏகநாதர் (1533–1599) கதையும் இதே ரகம். சிராத்தத்துக்குச் சமைத்த வாசனை தெருவில் போன தீண்டப்படாத மக்களின் மூக்கில் ஏறியது. பசியோடு நின்றவர்களை உட்கார வைத்துச் சாப்பாடு போட்டுவிட்டார். அழைத்திருந்த பிராமணர்கள் கோபித்துக்கொண்டு வர மறுத்தார்கள். பித்ருக்களே நேரில் வந்து சாப்பிட்டுப் போனார்கள் என்கிறது மரபு. சோகாமேளர் கதை அத்தனை இனிப்பானதல்ல. மஹார் குலத்தவர். பாண்டுரங்கன் அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதாகக் கதை சொல்பவர்களே, கோயிலுக்குள் அவரை விடவில்லை. 1338இல் மங்கள்வேடாவில் மதில் இடிந்து விழுந்து இறந்தார். அவருடைய சமாதி இன்றும் பண்டர்பூர் கோயில் வாசற்படிக்குக் கீழேதான் இருக்கிறது.

துக்காராமுக்கு வருவோம். அவரைப் பொறுத்தவரை பட்டினி என்பது விரதத்துக்கு முன்பே பஞ்சமாக வந்தது. 1630ஐ ஒட்டித் தக்காணத்தைச் சூறையாடிய பஞ்சத்தில் முதல் மனைவியும் மகனும் போய்விட்டார்கள். மாளிகைக் கடை நடத்திய குடும்பம் நொடித்தது. அதற்குப் பிறகுதான் கடன் பத்திரங்களை இந்திராயணி ஆற்றில் போட்டதும் அபங்கம் பாடியதும். ஏகாதசிப் பட்டினியை உபதேசிக்கிற ஒரு மரபின் தலைமகன், நிஜப் பட்டினியால் வீட்டில் சாவு கண்டவர். இதை நினைவில் வைத்தால்தான் அந்தப் பல்லக்கு விளங்கும்.

இங்கே கொஞ்சம் பாதை விலகுகிறேன், மன்னிக்கவும். ஏகாதசியன்று ஹடப்சரில் பந்தலுக்குப் பந்தல் சாபுதானா கிச்சடி கொடுக்கிறார்கள். ஜவ்வரிசி, வேர்க்கடலைப் பொடி, பச்சைமிளகாய், உருளைக்கிழங்கு. அரிசி கோதுமை ஆகாது, இது ஆகும். "ஏகாதஷி, துப்பட் காஷி" (ஏகாதசி வந்தால் இரட்டிப்புச் சாப்பாடு) என்று மராட்டியர்களே தங்களைக் கேலி செய்துகொள்வார்கள். நம் பாட்டிமார் ஏகாதசிக்குச் செய்த "பலகார" அணிவகுப்பைப் பார்த்தவர்கள் சிரிக்க வேண்டாம். விஷயம் என்னவென்றால், அந்தக் கிச்சடியில் விழும் நாலு சரக்கில் ஒன்றுகூட ஞானேஸ்வரர் காலத்து இந்தியாவில் இல்லை. மரவள்ளி, கடலை, மிளகாய், உருளை நான்கும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். போர்ச்சுகீசியர் வந்த பிறகே இங்கு கால் வைத்தவை. விரத விதி எழுதியவர்களுக்கு அவை தெரியாது. தெரியாததால் தடை பட்டியலில் இல்லை. தடை இல்லாததால் விரதச் சாப்பாடு ஆகிவிட்டன!

அந்த ஜவ்வரிசி எங்கிருந்து வருகிறது தெரியுமா? எங்க ஊர்ப்பக்கம். நான் ஆத்தூர்க்காரன், சேலம் மாவட்டம். குச்சிக்கிழங்கை அரைத்துப் பால் எடுத்து, தெளிய வைத்த மாவைக் குலுக்கிக் குருணையாக்கி, வறுத்து, சிமெண்டுக் களத்தில் கண் கூசும்படி வெள்ளையாகக் காயப்போடும் சேகோ ஆலைகளின் புளித்த வாடையில் வளர்ந்தவன். இரண்டாம் உலகப்போரில் மலேயா, சிங்கப்பூர் சரக்கு நின்றுபோனபோது 1943இல் சேலத்தில் இந்தத் தொழில் தொடங்கியது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மகாராஷ்டிரம்தான் அதற்குப் பெரிய சந்தை. எங்கள் ஊரில் அதைப் பாயசத்துக்கும் வடகத்துக்கும் மட்டும் வாங்குவோம். இத்தனை மூட்டையை யார் தின்கிறார்கள் என்று சின்ன வயசில் யோசித்ததுண்டு. விடை ஹடப்சரில் கிடைத்தது. பக்கத்து வீட்டுக் காகுவிடம் இதைச் சொன்னேன். "அப்போ நீங்களும் எங்க வாரியில நடக்கிறீங்கதானே?" என்றார்.

சரி, சாலைக்குத் திரும்புவோம். முளா முட்டா நதிக்கு அந்தப் பக்கம் எரவாடா. 1932 செப்டம்பர் 20 அன்று, தாழ்த்தப்பட்டோருக்குத் தனித்தொகுதி கூடாது என்று காந்தி அங்கே சிறையில் உண்ணாவிரதம் ஆரம்பித்தார். 24ஆம் தேதி புனே ஒப்பந்தம். கையெழுத்திட்டவர்களில் அம்பேத்கருடன் நம்மவர்கள் எம்.சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன், ராஜாஜி ஆகியோரும் உண்டு. 26ஆம் தேதி தாகூர் முன்னிலையில் ஆரஞ்சுச் சாறு குடித்து முடித்தார். அந்த ஒரு வாரத்தில் நாடெங்கும் கோயில்கள் திறக்கப்பட்டன, சமபந்தி விருந்துகள் நடந்தன. அம்பேத்கர் அதை ஆன்மிகம் என்று கடைசிவரை ஏற்கவில்லை. தன் மக்களின் கழுத்தில் வைத்த கத்தியாகவே பார்த்தார். விரதம் ஒருவர் தன்னைத் திருத்திக்கொள்ளவா, எதிராளியை வளைக்கவா என்ற கேள்வி அன்றிலிருந்து ஓயவில்லை. என் மனசு இதில் அம்பேத்கர் பக்கம்தான் சாய்கிறது. சங்கத்தில் என்னோடு சண்டை போடப் பலர் இருக்கிறார்கள்.

பத்து வருடம் கழித்து ஆகாகான் மாளிகைச் சிறையில் காந்தி ஆரோக்கியம் பற்றி ஒரு சின்னப் புத்தகம் குஜராத்தியில் எழுதினார். ஆரம்பித்தது 1942 ஆகஸ்ட் 28, முடித்தது டிசம்பர் 18. 1912இல் பால் குடிப்பதில்லை என்று சபதம் எடுத்து, 1919இல் உயிர் பிழைக்க ஆட்டுப்பாலுக்கு இறங்கியவர் அவர். பால் குடிக்கலாம் என்கிறவர் குஞ்சு பொரிக்காத முட்டையை மறுக்க நியாயமில்லை என்று அதிலே எழுதியிருக்கிறார்! இதைச் சொன்னால் நம் வீட்டுப் பெரியவர்கள் நம்புவதில்லை. உணவைப் பற்றி அவரைப்போல் ஆயுள் முழுக்கப் பரிசோதனை செய்தவர் எவரும் இல்லை. அவரே 1921 வாக்கில் எழுதினார்: கறி தின்றும் கடவுளுக்குப் பயந்து நடப்பவன், கறியைத் தொடாமல் ஒவ்வொரு செயலிலும் கடவுளைப் பழிப்பவனைவிட விடுதலைக்குப் பக்கத்தில் இருக்கிறான் என்று. அதே மாளிகையில் 1943 பிப்ரவரி 10 முதல் மார்ச் 3 வரை 21 நாள் உண்ணாவிரதம் இருந்தபோது அவருக்கு வயது 73.

1946 மார்ச் கடைசியில் அவர் சோலாப்பூர் சாலையில் உருளி காஞ்சனுக்கு வந்தார். புனே நகரத்தில் டாக்டர் தின்ஷா மேத்தாவின் இயற்கை வைத்திய நிலையத்தை ஏழைகளுக்காக மாற்றிவிட நினைத்திருந்தார். ஏழைகளுக்கான வைத்தியம் நகரத்தில் நடக்காது என்று தன் எண்ணத்தையே பைத்தியக்காரத்தனம் என எழுதிவிட்டு கிராமம் தேடினார். வெயில், தண்ணீர், மண், பழம், பால், ராமநாமம். மருந்து இவ்வளவுதான். சில நாள்தான் இருந்தார். பொறுப்பை ஏற்ற மணிபாய் தேசாய் என்ற இளைஞர் அங்கேயே தங்கி, 1993இல் கண்மூடும்வரை அந்த ஊரை விட்டுப் போகவில்லை. அவர் கண்டது என்னவென்றால், மக்களுக்குப் பழமும் பாலும் சாப்பிடச் சொல்லலாம், வாங்கக் காசு வேண்டுமே! திராட்சைத் தோட்டம் போட்டார், கலப்பினப் பசு வளர்த்தார். 1967இல் பைஃப் என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். இயற்கை வைத்திய ஆசிரமம் இன்றும் நடக்கிறது. நம் சங்கத்து அன்பர்கள் எடை குறைக்க அங்கே போய் பத்து நாள் சூப் குடித்துவிட்டு வருவதுண்டு. துக்காராம் பல்லக்கு வருடா வருடம் அந்த ஊர் வழியாகத்தான் போகிறது.

1947இல் இன்னொரு பட்டினி. பண்டர்பூர் கோயிலில் தாழ்த்தப்பட்டோரை விட வேண்டும் என்று மே 1 முதல் 10 வரை சானே குருஜி உண்ணாவிரதம் இருந்தார். அதற்கு முன் பல மாதம் ஊர் ஊராகப் போய்ப் பேசியிருந்தார். கதவு திறந்தது. சோகாமேளர் இறந்து 609 வருடத்துக்குப் பிறகு! நம் ஹடப்சரில் அவர் பெயரில்தான் அந்த மருத்துவமனை இருக்கிறது. காய்ச்சலுக்கு ஊசி போடப் போகிறோம், பெயர்ப்பலகையைப் படிப்பதில்லை.

இனி நம் பக்கத்துக் கணக்கு. வள்ளுவர் புலால் மறுத்தலை 26ஆம் அதிகாரமாகத் துறவறவியலில் வைத்தார், இல்லறவியலில் அல்ல. அது குடும்பஸ்தனுக்குப் பொருந்துமா என்று புலவர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ஆனால் இல்லறவியலிலேயே, ஈகை அதிகாரத்தில், பசியைப் பொறுக்கும் தவசிகளின் வலிமையைக்கூட, பிறர் பசியை மாற்றுகிறவரின் வலிமைக்கு அடுத்த இடத்தில் நிறுத்திவிட்டார். விரதத்தைக் குறைத்துச் சொல்லவில்லை, இரண்டாம் இடம் கொடுத்தார். மணிமேகலை துறவியாகி முதலில் கையில் எடுத்தது அட்சய பாத்திரம். சேக்கிழாரோ, வாயில் கடித்துச் சுவை பார்த்த பன்றிக்கறியை ஈசனுக்குப் படைத்த கண்ணப்பரை நாயன்மாராக வைத்தார். ஆசார சீலரான சிவகோசரியார் மறைந்து நின்று பார்த்துத் திகைக்கிறார். புலால் மறுத்தலும் கண்ணப்பரும் ஒரே தமிழில் இருக்கிறார்கள். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை மறைப்பவரிடம் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டியதுதான்.

சுவாமி விவேகானந்தர் 1897இல் மானாமதுரையில் பேசும்போது, நம் மதம் சமையலறைக்குள் போய் அடைந்துகொள்ளப் பார்க்கிறது, பானையே கடவுள் ஆகிவிடும் என்று எரிச்சலோடு சொன்னார். கால் நூற்றாண்டில் அது தெற்கே பலித்தது. வ.வே.சு. ஐயர் 1922இல் நிறுவிய சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிராமணப் பையன்களுக்கு மட்டும் தனிப்பந்தி. பெற்றோர் கேட்டார்கள், ஐயர் வாக்குக் கொடுத்துவிட்டார். ஐயர் சாதி பார்த்தவர் அல்ல. உயிரைப் பணயம் வைத்த தேசபக்தர். ஆனாலும் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமியும் விடவில்லை. 1925இல் ஐயர் விலகினார். அந்த ஜூனிலேயே அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் உயிர் விட்டார். தமிழ்நாட்டு அரசியல் அதன்பின் திரும்பிய திருப்பம் எல்லோருக்கும் தெரியும். இரண்டு பையன்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்ற ஒரு கேள்வி!

வடலூரில் இதற்கு முன்பே ஒருவர் வேறு மாதிரி யோசித்திருந்தார். வள்ளலார் ராமலிங்க அடிகள், உயிர்க்கொலையும் புலாலும் கூடாது என்பதில் எள்ளளவும் விட்டுக்கொடுக்காதவர். 1872இல் திறந்த சத்திய ஞானசபைக்குள் கொலை புலை தவிர்த்தவரே நுழையலாம் என்பது விதி. பலகை இன்றும் தொங்குகிறது. ஆனால் அதற்கு ஐந்து வருடம் முன்பே, 1867 மே 23 அன்று, பஞ்சத்தின் வடு ஆறாத காலத்தில், பக்கத்திலேயே சத்திய தருமச்சாலை திறந்துவிட்டார். அங்கே நுழையப் பசி ஒன்றே தகுதி. கறி தின்பவனுக்கும் சோறு உண்டு. அன்று மூட்டிய அடுப்பு அணையவில்லை. முதலில் கட்டியது சோறு போடும் சாலை. ஜோதி காட்டும் சபை பிறகுதான். இரண்டு கட்டடங்களுக்கும் தனித்தனி விதி வைத்தாரே, அந்தத் தெளிவு வேறெங்கும் நான் படித்ததில்லை. தன் வளர்ச்சிக்கு ஒரு நியமம், அடுத்தவன் பசிக்கு வேறொரு நியமம்.

எனக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1998இல் நான் இங்கே வாடகைக்கு வீடு தேடியபோது ஒரு சொசைட்டியில் முதல் கேள்வியே "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" என்பதுதான். வேலை, சம்பளம், குழந்தைகள் எல்லாம் அப்புறம். நாங்கள் புரட்டாசி முழுக்கச் சுத்த சைவம், மற்ற மாதங்களில் ஞாயிறு மட்டும் கறி என்று உள்ளதைச் சொன்னேன். வீடு கிடைக்கவில்லை. கேட்டவர் வாரத்தில் ஒருநாள் உபவாசம் இருப்பவர், நெற்றியில் சந்தனம். அவர் விரதத்தை நான் மதிக்கிறேன். சொல்லப்போனால் என் மாமியார் ஏகாதசி இருந்தே 80 வயதைத் தாண்டினவர். நாக்கைக் கட்டத் தெரிந்தவனுக்கு மற்றதைக் கட்டுவது சுலபம் என்பதை நானே புரட்டாசியில் கண்டிருக்கிறேன். கோபம்கூடக் கொஞ்சம் குறைகிறது என்று வீட்டுக்காரி சான்றிதழ் கொடுத்திருக்கிறாள். ஆனால் அந்த நியமத்தை அளவுகோலாக்கி அடுத்தவன் வாசலில் நீட்டும்போது அது வேறு சரக்கு ஆகிவிடுகிறது. இப்போது வேலைக்கு வரும் நம் பிள்ளைகளும் இதே கேள்வியைச் சந்திக்கிறார்கள். நம்மிலும் சிலர் வீட்டை வாடகைக்கு விடும்போது இதையே கேட்கிறார்கள், அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஹடப்சர் ஏகாதசிக்கு மறுநாள் துவாதசி. நம் வீடுகளில் அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடியோடு பாரணை. துக்காராம் பல்லக்கு அன்று லோணியில் கிளம்பி, உருளி காஞ்சனைத் தாண்டி, சாயங்காலம் யவத் சேரும். யவத் ஊர்க்காரர்கள் அன்று பிட்லா பாக்ரி போடுவது வழக்கம். கடலைமாவைப் பூண்டு, மிளகாய் தாளித்துக் கெட்டியாகக் கிண்டுவது பிட்லா. தொட்டுக்கொள்ளச் சோள ரொட்டி. காலையிலிருந்தே வீட்டுக்கு வீடு பெண்கள் பாக்ரி தட்டிக் கொண்டுவந்து கோயிலில் குவிப்பார்கள். பிட்லா பெரிய அண்டாக்களில் வேகும். பூண்டு தாமசம் ஆயிற்றே என்று யாரும் கேட்பதில்லை. முந்தின நாள் பட்டினி கிடந்து நடந்தவர்கள் வரிசையாக உட்காருவார்கள். எந்த ஊர், என்ன குலம் என்ற விசாரணை கிடையாது. ஹடப்சரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நாமும் தட்டை நீட்டினால் போடுவார்கள்.